ஈசிஎம் போய்விட்டது என்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: குளச்சலில் மீன் வியாபாரம் செய்கிறேன். என்னிடம் 2014 மாடல் டீசல் கார் இருக்கிறது. ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஆஃப் ஆகிறது. அரை மணி நேரம் நிறுத்திப் போட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்து, ‘ஈசிஎம் போய்விட்டது, புதுசு 60 ஆயிரம் ஆகும்’ என்றார்கள். மார்த்தாண்டத்தில் ஒருவர் பழையது 15 ஆயிரத்துக்குத் தருகிறேன், மாட்டினால் ஓடும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். ஈசிஎம் என்பது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி, அதைக் கடைசியில்தான் சந்தேகப்பட வேண்டும். நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது கிராங்க் சென்சார் மேல்தான். இன்ஜின் சுற்றுகிறதா, எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று ஈசிஎம்முக்குச் சொல்வது அந்தச் சென்சார். அது இன்ஜினை ஒட்டியே இருப்பதால் சூடு ஏறினால் சிலவற்றில் சிக்னல் விட்டுப்போகும், ஆறினதும் திரும்ப வரும். சிக்னல் இல்லை என்றால் ஈசிஎம் டீசலை நிறுத்திவிடும், வண்டி நின்றுவிடும். ஈசிஎம் போர்டுக்குள் ஈயப்பற்று விரிசல் விட்டாலும் இதே மாதிரி நடக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இரண்டில் எது என்று பார்க்காமலே 60 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

அடுத்த முறை வண்டி நின்றால் பதறாமல் ஓரங்கட்டிவிட்டு ஒன்று செய்யுங்கள். சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள், செல்ப் அடிக்க வேண்டாம். மீட்டரில் இன்ஜின் படம் போட்ட செக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் ஈசிஎம் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. எரியவே இல்லை என்றால் அதற்குக் கரண்ட் போகவில்லை, அல்லது அது செத்திருக்கிறது. அப்புறம், இன்ஜின் ஆறுவதற்குள் ஸ்கேனரை மாட்டிப் பார்க்க வேண்டும். ஸ்கேனர் ஈசிஎம்மோடு பேசுகிறது, ஆனால் செல்ப் அடிக்கும்போது ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) பூஜ்யம் காட்டுகிறது என்றால் கோளாறு சென்சாரிலோ அதன் வயரிலோதான். ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் வண்டி ஆறிவிடும். ஆறின வண்டியில் ஸ்கேன் போட்டு என்ன கண்டுபிடிக்க? ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வண்டி நிற்கும்வரை ஓட்டுங்கள். அதற்கு ஒரு நாள் கூலி கொடுத்தாலும் உங்களுக்கு லாபம்.

அடுத்தது எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போகும் வழி. நம் மாவட்டத்தில் கடற்கரை ஓரம் ஓடும் வண்டிகளில் இதைப் பார்க்காமல் ஈசிஎம்மைத் தொடவே கூடாது. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் உப்புக்காற்று எப்போதும் உண்டு. போதாததற்கு நீங்கள் மீன் பெட்டி ஏற்றுகிறீர்கள். ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கி, அங்கே போகும் வயரில் ஊறும். பாடியில் போல்ட் போட்டு முறுக்கிய எர்த் வயரின் முனை வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும். ரப்பர் உறையைக் கொஞ்சம் கீறிப் பாருங்கள், உள்ளே செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, நகத்தால் தொட்டாலே பொடியாக உதிரும்.

இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை ஈசிஎம் எர்த் பின்னிலும் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டு செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. அரை வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த்தைச் சரி செய்யாமல் வேறெதையும் தொட வேண்டாம். மெயின் ரிலே, ஃபியூஸ், பேட்டரி டெர்மினல் எல்லாம் அதே நேரத்தில் பார்த்துவிடக் கூடியவை.

ஆளை ஏமாற்றும் இன்னொரு இடம் 5 வோல்ட் லைன். பல சென்சார்களுக்கு ஈசிஎம் 5 வோல்ட் கொடுக்கிறது. அதில் ஒரே ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும் அந்த லைன் முழுக்கப் படுத்துவிடும். ஸ்கேனரில் ஏழெட்டு கோடு (கோளாறைக் காட்டும் குறியீட்டு எண்) வரிசையாக வரும். பார்க்கிறவர் ‘இத்தனை கோடா, ஈசிஎம்தான்’ என்று சொல்லிவிடுவார். சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், குற்றவாளியைக் கழற்றின நொடியில் 5 வோல்ட் திரும்ப வரும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும், கரண்டும் எர்த்தும் சரியாக இருந்தும், 5 வோல்ட் வரவில்லை என்றால்தான் ஈசிஎம் மேல் கை வைக்க வேண்டும். ஈசிஎம்முக்குள்ளேயே கோளாறு என்று சொல்லும் பி0606 போன்ற கோடு, அழித்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படித்தான்.

சரி, மார்த்தாண்டத்துக்காரர் கதைக்கு வருகிறேன். ‘மாட்டினால் ஓடும்’ என்பது உங்கள் வண்டியில் நடக்காது. உங்கள் சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அந்த அடையாளம் இம்மொபிலைசரிலும் (வேறு சாவி போட்டால் வண்டியை ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்புப் பூட்டு) ஈசிஎம்மிலும் பதிந்திருக்கும். வேறு வண்டியின் ஈசிஎம் உங்கள் சாவியைத் திருடன் சாவி என்றே நினைக்கும். அது தவிர, டீசல் இஞ்செக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் அச்சடித்திருக்கும் குறியீட்டை ஈசிஎம்மில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் வண்டி ஓடும், ஆனால் நடுங்கும், கரும்புகை தள்ளும், கடைசியில் இஞ்செக்டர் மேல் பழி விழும். ஹார்டுவேர் நம்பர், சாஃப்ட்வேர் நம்பர் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பெட்டி ஒரே மாதிரி இருப்பதை வைத்து வாங்காதீர்கள்.

அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா? வெள்ளத்தில் மூழ்கி, இன்சூரன்ஸ்காரர்கள் மொத்த நஷ்டம் என்று எழுதிய வண்டிகள் ஏலத்தில் போகின்றன. அவற்றைப் பிரித்து விற்கும்போது ஈசிஎம்மும் வெளியே வருகிறது. துடைத்து, ஸ்டிக்கரைச் சுரண்டி மேசையில் வைத்தால் யாருக்குத் தெரியும்? களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருந்து வந்த சரக்கு என்பார்கள், பில் கேட்டால் ‘பாத்துக்கிடலாம் அண்ணே’ என்பார்கள். பில் இல்லை, எந்த வண்டியில் கழற்றியது என்ற சேஸிஸ் நம்பர் இல்லை என்றால் அது திருட்டுச் சரக்காகவும் இருக்கலாம். போலீஸ் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

முக்கியமாக, உங்கள் பழைய ஈசிஎம்மை ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று சொல்லி யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். உங்கள் சாவி, இஞ்செக்டர், வண்டி நம்பர் விவரம் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. போர்டு பாதி செத்திருந்தாலும் அந்த விவரத்தை எடுத்து, அதே நம்பர் கொண்ட வேறு ஈசிஎம்மில் ஏற்றிக்கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பெட்டியை விட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இந்தப் புரோக்கர்கள் பிழைப்பதற்கு வழி திறந்து விட்டவர்கள் கார் கம்பெனிகள்தான். உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் முடக்கினார்கள் என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடு, வழக்கு என்று அது இழுத்துக்கொண்டு போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘பழுது பார்க்கும் உரிமை’ என்று ஒரு இணையதளம் திறந்தது, அதில் வாகனங்களும் உண்டு. ஆனால் தக்கலையிலோ கருங்கலிலோ நல்ல கை வேலை தெரிந்த ஒரு எலக்ட்ரீசியன், புது ஈசிஎம்மில் சாவியைப் பதியப் பல வண்டிகளுக்கு இன்னமும் கம்பெனி ஒர்க்‌ஷாப் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் கோபம் அடங்கவே இல்லை.

மேலே சொன்ன நிதானம் பொருந்தாத ஒரு நிலை உண்டு: ஈசிஎம்முக்குள் தண்ணீர் போயிருந்தால். 2023 டிசம்பர் மழை போல வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் சாவியைத் தொடவே தொடாதீர்கள். ‘ஒரு தடவை அடித்துப் பார்ப்போம்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். ஈரமான போர்டில் கரண்ட் பாயும்போதுதான் தடங்கள் எரிகின்றன. போட்டோ எடுங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள். ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் வெள்ளச் சேதம் அதில் வரும், மூன்றாம் நபர் பாலிசியில் வராது. சர்வேயர் பார்க்கும் முன் யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது. தண்ணீரில் நின்ற வண்டியில் செல்ப் அடித்து இன்ஜினே உடைந்தால், இன்ஜின் பாதுகாப்பு என்ற தனி இணைப்பு எடுக்காதவர்களுக்கு அந்த நஷ்டம் கிடைப்பது கஷ்டம். ஹேர் டிரையரில் காய வைத்து மாட்டுவது இன்னொரு தவறு. தண்ணீர் காயும், உப்பு காயாது. அது போர்டை அரித்துக்கொண்டே இருக்கும், மாதங்கள் கழித்து வண்டி வழியில் நிற்கும். உப்புத்தண்ணீர் பட்ட ஈசிஎம்மை ஒரே நாளில் போர்டு வேலை தெரிந்தவர் கையில் சேர்த்துவிட வேண்டும்.

எல்லாம் பார்த்து, ஈசிஎம் செத்தது உறுதி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது ஏன் செத்தது என்று தெரியாமல் புதுசை மாட்ட வேண்டாம். ஷார்ட் ஆன ஒரு இஞ்செக்டரோ சோலினாய்டோ அதை எரித்திருந்தால், புதுசையும் எரிக்கும். எலக்ட்ரானிக் சாமானைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். சைலன்சரில் வெல்டிங் வைத்தபோது பேட்டரியைக் கழற்றினார்களா, யாராவது வயரை மாற்றிப் போட்டு ஜம்ப் கொடுத்தார்களா என்றும் நினைத்துப் பாருங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பேப்பரில் கேளுங்கள். எர்த் எத்தனை வோல்ட், 5 வோல்ட் லைன் எத்தனை வோல்ட் என்று அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு ஒர்க்‌ஷாப் பாருங்கள். மாற்றிய பிறகும் அதே கோளாறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் என்றால் அந்த ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது. இதற்கெல்லாம் பில் கையில் இருக்க வேண்டும். பில்லில் புது ஈசிஎம்மின் சீரியல் நம்பரும், பழையது உங்களிடம் திருப்பித் தரப்பட்டது என்ற ஒரு வரியும் இருக்கட்டும்.