கிட்டார் கேள்வி–பதில்

கேள்வி: மெட்டாலிகா மெட்டல் இசைக்குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மாதிரி உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசித்தால், எனக்குக் கொழகொழவென்று கேட்கிறதே?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கரகரப்பாக்கும் கெயினைப் பாதிக்குக் குறையுங்கள். அவருடைய அடையாளமே வலது கைதான். வேகமான ரிஃப்களிலும் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டுகள்) பெரும்பாலும் மேலிருந்து கீழேதான் அடிப்பார். கீழ், மேல் என்று மாற்றி அடித்தால் கை சீக்கிரம் சோர்ந்துபோகாது, ஆனால் அந்த ஒரே சீரான கனம் வராது. சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரம், பிரிட்ஜில் (கிட்டார் உடலில் தந்தியைத் தாங்கும் பகுதி) தந்தி புறப்படும் இடத்திலேயே படட்டும். ஓர் அங்குலம் முன்னே நகர்ந்தாலும் சுருதி செத்து 'தொப்' என்ற சத்தம்தான் மிஞ்சும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 100 தட்டில் வைத்து, தட்டுக்கு இரண்டு அடி. மணிக்கட்டிலிருந்து அடியுங்கள். முன்கை இறுகினால் நிறுத்திவிடுங்கள். ஒரு நிமிடம் தெளிவாக வந்தபின் 5 கூட்டலாம்.

கேள்வி: சுருதியை இறக்கினால் என் மெல்லிய 9–42 செட் தந்தி கடகடக்கிறது. பிளாக் சபாத் இசைக்குழுவின் டோனி அயோமி மெல்லிய தந்தியில் எப்படிச் சமாளித்தார்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர் அவர். இடக்கைக்காரர் என்பதால் கிட்டார் கழுத்தில் தந்தியை அழுத்துவதும் அந்தக் கைதான். அதனால்தான் அழுத்தச் சுலபமான மெல்லிய தந்தி. 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சில பாடல்களுக்கு மூன்று அரைச்சுருதி இறக்கினார். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தடித்த 11–54 செட் மாட்டுங்கள். தடித்த தந்தி நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் பட்டை) பள்ளத்தில் சிக்கினால் சுருதி நிற்காது, பள்ளத்தை அகலப்படுத்தச் சொல்லுங்கள். நம்மூர் உப்புக்காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் அதன் அடிப்பக்கத்தையும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.