குப்பைப் புகையும் கொல்லைக் கீரையும்

கேள்வி: சென்னை கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் வீடு. கிடங்கு பற்றிக்கொண்டால் புகை வீட்டுக்குள் வந்துவிடும். கொல்லையில் அரைக்கீரை, முள்ளங்கி, பரங்கி போட்டிருக்கிறோம். குப்பை எரித்த சாம்பல்தான் உரம். நாலு நாட்டுக்கோழியும் உண்டு. மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. குப்பை எரிவதில் உண்டாகும் டயாக்சின் என்ற நஞ்சு வேர் வழியாகக் கீரையில் ஏறிவிடும் என்கிறார்கள். எல்லாவற்றையும் பிடுங்கிவிடட்டுமா?

பதில்: பிடுங்க வேண்டாம் அம்மா. ஆனால் அந்தச் சாம்பலை இன்றோடு நிறுத்துங்கள். விறகுச் சாம்பல் வேறு, பிளாஸ்டிக் கலந்த குப்பைச் சாம்பல் வேறு. ஒயர், பிவிசி குழாய் எல்லாம் திறந்தவெளியில் எரியும்போது டயாக்சின் உண்டாகிறது, அதில் ஒரு பங்கு சாம்பலிலும் தங்கிவிடும்.

இந்த நஞ்சு தண்ணீரில் கரையாது, கொழுப்பிலும் மெழுகிலும்தான் ஒட்டும். பலாப்பழம் அரிந்த கையில் பிசுக்கு எண்ணெய் தடவினால்தான் போகும் இல்லையா, அந்த ஜாதி. வேர் இழுப்பது தண்ணீரையும் அதில் கரைந்ததையும், அதனால் டயாக்சின் பெரும்பாலும் வேரின் மேல்தோலோடு நின்றுவிடுகிறது, தண்டு வழியாக இலைக்கு ஏறுவது மிகக் குறைவு. முள்ளங்கியைத் தாராளமாகத் தோல் சீவிச் சமையுங்கள், போதும்.

கீரைக்கு அது வருகிற வழி காற்று. இலையின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது, காற்றில் ஆவியாக இருக்கும் டயாக்சின் நேரே அதில் இறங்கிவிடும், கரித்தூளோடு வருவது மேலே படியும், மழை அடித்தால் மண்ணும் தெறித்து ஒட்டும். இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசினால் கரியும் மண்ணும் போகும், மெழுகில் இறங்கியது போகாது. அதனால் புகை சூழ்ந்த நாட்களில் வெளியே நின்ற கீரையை அறுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் வரும் தளிரைப் பறியுங்கள்.

வேர் விஷயத்தில் பரங்கி மட்டும் விதிவிலக்கு. பரங்கியும் அதன் இனத்துக் காயான சுக்கினியும் மண்ணில் இருக்கும் டயாக்சினை, பழைய டிடிடி பூச்சிமருந்தின் எச்சத்தைக்கூட, வேரால் இழுத்துக் காய் வரை கொண்டுபோகும் என்று ஆய்வுகளில் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள், அதே குடும்பத்து வெள்ளரி அப்படி இழுப்பதில்லை. சாம்பல் போட்ட மண்ணில் பரங்கி வேண்டாம். ஆசையாக இருந்தால் புது மண் நிரப்பிய பையில் போடுங்கள்.

எனக்குக் கீரையைவிடக் கவலை உங்கள் கோழிகள்தான். நாள் முழுக்க அந்த மண்ணைக் கிளறி, கொத்துகிற ஒவ்வொன்றோடும் மண்ணை விழுங்குகின்றன, அதிலுள்ளது கொழுப்பில் சேர்ந்து மஞ்சள் கருவுக்கு வந்துவிடும். மனித உடலுக்குள் போகும் டயாக்சினில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழிதான், அதிலும் பெரும்பங்கு இறைச்சி, பால், மீன் வழியாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்ளே போனது பாதியாகக் குறையவே 7 முதல் 11 வருடம் ஆகும். மகளுக்கு இந்த முட்டை வேண்டாம், கடை முட்டை கொடுங்கள், முட்டையையே நிறுத்திவிடாதீர்கள், புரதம் அவளுக்குக் கட்டாயம் வேண்டும். குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலையும் தயங்காமல் கொடுக்கச் சொல்லுங்கள், அதன் நன்மை மிகப் பெரியது.

இன்னொன்று. எளிதில் அழியாத நஞ்சுகளைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்த ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் முதல் 12 நஞ்சுகளில் டயாக்சினும் ஒன்று, இந்தியா 2006-லேயே அந்த ஒப்பந்தத்தை ஏற்றாகிவிட்டது. கிடங்கில் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை, தெருவாகச் சேர்ந்து எழுத்தில் புகார் கொடுங்கள்.

ரத்தத்தில் டயாக்சின் பார்க்கும் பரிசோதனைக்கு அலைய வேண்டாம். செலவு அதிகம், முடிவு எதுவானாலும் கொடுக்க மருந்து கிடையாது. புகை நாட்களில் மகளை வேறு உறவினர் வீட்டில் வைத்திருங்கள், இருமலோ மூச்சிரைப்போ வந்தால் அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.