ஆங்கிலத்தில் ‘கேட்ச்’ என்ற வினைச்சொல் எங்கிருந்து வந்தது? ஏன் இத்தனை பொருள்?

நகரும் ஒன்றை எட்டிப் பிடிப்பதுதான் கேட்ச். ஆனால் முதலில் அதற்கு ‘துரத்து, வேட்டையாடு’ என்ற பொருளும் இருந்தது. 1066-இல் வட பிரான்ஸைச் சேர்ந்த நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு, வட பிரெஞ்சு வழக்கிலிருந்து ‘க’ ஒலியோடு வந்த சொல் இது. அதே சொல் நடு பிரான்ஸ் வழக்கிலிருந்து வேறு ஒலியில் வந்து ‘சேஸ்’ ஆனது. ஆக, துரத்தும் சேஸும் பிடிக்கும் கேட்சும் கூடப்பிறந்தவை! இரண்டுக்கும் வேர், பிடிக்க முயல்வதைக் குறிக்கும் லத்தீன் ‘காப்தாரே’. துரத்துவதே பிடிக்கத்தானே, பொருள் அப்படியே நகர்ந்துவிட்டது.

நம் ‘பிடி’யைப் பாருங்கள். ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிக்கிறோம், மழைக்காலத்தில் சளி பிடிக்கிறது, அடுப்போரத் துணியில் தீ பிடிக்கிறது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் கேட்ச்தான். எவ்வளவு அழகான பொருத்தம்!

அதற்காக எல்லா ‘பிடி’யும் கேட்ச் ஆகிவிடாது. ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்றால் அங்கே லைக்தான் வரும்.