பதினோரு கதவுகளும் ஒரு கணக்கு நோட்டும்

"காலையில் எழுந்ததும் நீங்கள் செய்யும் முதல் வேலை என்ன? பல ஆண்டுகளாக விடாமல் தொடரும் பழக்கம் ஏதேனும் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் முதல் வேலை கதவு திறப்பது.

நானும் என் மனைவியும் கானாடுகாத்தானில், பங்காளிகள் ஏழு புள்ளிகளுக்குப் பொதுவான பழைய வீடொன்றில் வசிக்கிறோம். (மணமான ஒரு குடும்பத்தை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் ஒரு புள்ளி என்று கணக்கிடுவார்கள், கோயில் வரியும் அந்தக் கணக்கில்தான்.) மற்ற ஆறு புள்ளிகளும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பதால் சாவிக்கொத்து என்னிடம் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் புறப்படும் பல்லவன் விரைவு ரயிலின் ஓசை தொலைவில் கேட்பதற்குள் பதினோரு கதவுகளையும் திறந்துவிட வேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட கெடு.

இதைச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். இந்த ஊர் வீடுகள் பெரும்பாலும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பில் நின்று பார்த்தால் வளவு (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாவற்றையும் கடந்து பின்வாசல் தெரியும்படி வாசல் நிலைகள் ஒரே நேரில் வைக்கப்பட்டிருக்கும். விடியலுக்கு முன் அத்தனையையும் திறந்தால், இரவின் குளிர்ந்த காற்று ஒரு முனையில் நுழைந்து மறுமுனை வரை ஓடும்; அடைபட்டுக் கிடந்த வெப்பமோ வளவின் திறந்த முற்றத்தின் வழியே மேலேறிப் போய்விடும். வெயில் ஏறும் முன், ஒன்பது மணி அளவில் எல்லாவற்றையும் சாத்திவிட்டால், தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் அந்தக் குளிர்ச்சியைப் பிற்பகல் வரை காப்பாற்றித் தரும். சித்திரை வெயிலில் ஒருநாள் அயர்ந்து தூங்கி, ஏழு மணிக்குத் திறந்து பதினொன்றுக்குச் சாத்தினேன். அன்று மாலை வரை ஆத்தங்குடிக் கல் தரையில் கால் வைத்தபோதுகூட அந்தச் சில்லென்ற உணர்வு இல்லை. பூட்டியே கிடக்கும் அறைகளுக்கு வேறு கேடுகளும் உண்டு. மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று வளவைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். பத்து நாள் காற்றுப் படாவிட்டால் உள்ளே கறையான் ஏறும், வௌவால் வாடை வரும். பங்காளிகள் வந்து இறங்கும் நாளில் அந்த வாடைக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

ஓய்வு பெற்ற புதிதில் ஒரு காணொலியைப் பார்த்துவிட்டு ஒன்பது நல்ல பழக்கங்களைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தியானம், ஓட்டம், நாட்குறிப்பு, குளிர்ந்த நீரில் குளியல் என்று நீண்ட அந்தப் பட்டியல் பன்னிரண்டு நாள் நடந்தது. ஒன்றை விட்டால் யாருக்கும் நட்டமில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டது. கதவு அப்படியன்று, திறக்காவிட்டால் வீடே காட்டிக்கொடுக்கும்.

கதவு திறந்தபின் ஊருணிக் கரை வரை நடை, வந்ததும் நானே இறக்கும் டிகாஷனில் காபி, குளியல், திருநீறு. இவற்றில் சொல்லத்தக்க புதுமை எதுவும் இல்லை. ஞாயிறு மட்டும் கொஞ்சம் மாறும். அன்று வெள்ளைப் பணியாரம். பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்தின் அளவு. மாவு புளிக்க வேண்டியதில்லை என்பதால், கதவு திறக்கப் போகும்போது ஊறவைத்தால் நடை முடிந்து வரும்போது ஆட்டுவதற்குப் பதமாக இருக்கும். மிளகாய்ச் சட்னி என் மனைவியின் பொறுப்பு. அதில் நான் தலையிடுவதில்லை.

இரண்டாவது பழக்கம், முந்தைய நாளின் கணக்கை எழுதுவது. என் ஐயா (அப்பாவின் அப்பா) பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். வரவென்று எழுத எதுவுமே இல்லாத நாள்களிலும் அவர் நோட்டை மூடி வைக்கவில்லை என்று அப்பத்தா சொல்வார். மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே சிவமயம், இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, அடியில் இருப்பு. அதே முறையில்தான் நானும் எழுதுகிறேன். கைப்பேசியில் இதற்கெனச் செயலி இருக்கிறது என்று மகன் நிறுவிக்கொடுத்தான். அது வட்டப்படம் போட்டுக் காட்டியதே தவிர, பால்காரரிடம் எட்டு ரூபாய் பாக்கி நிற்பதை நினைவூட்டவில்லை. பேனாவால் எழுதும்போதுதான் "இது எதற்குச் செலவானது?" என்று கை ஒரு கணம் நிற்கிறது. பத்து நிமிட வேலை. இருப்பு ஒத்துவராத நாளில் அரை மணி.

போன ஆண்டு கண்புரை அறுவைக்குப் பின் சில நாள் குனியவும் எழுதவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருக்கும் என்றெண்ணியே கட்டுப்பாடு தளர்ந்ததும் நோட்டைத் திறந்தேன். ஒரு நாளும் விடுபடாமல் என் மனைவியின் கையெழுத்தில் கணக்கு இருந்தது. செலவுப் பக்கத்தில் "ஆட்டோ, சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி", அடியில் ரூபாய் பிசகாமல் இருப்பு. பதினோரு கதவுகளையும் அந்த நாள்களில் யார் திறந்தது என்று நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.