ஏட்வெனின் வெள்ளி ப்ரூச் – கடிதம்

அன்புள்ள சார்,

சட்டன் புதையல் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். 1694ல இங்கிலாந்துல ஈலி பக்கத்துல சட்டன்ங்கற ஊர்ல, நிலத்தை உழும்போது கிடைச்ச வெள்ளி ப்ரூச், அதோட பின்பக்கம் 'என்னைப் பறிக்கிறவனுக்குச் சாபம்'னு எழுதியிருக்குன்னு சொல்லியிருந்தீங்க. அப்போ கண்டெடுத்தவன், வித்தவன், இப்ப வச்சிருக்கற மியூசியம் எல்லாருமே அந்தச் சாபத்துல மாட்டிக்கறாங்கதானே? ராத்திரி பூரா அதே யோசனை.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

முழு வாசகத்தையும் போடாம விட்டது என் தப்புதான். பழைய இங்கிலீஷ்ல இருக்கறது ஏறக்குறைய இப்படி வரும்: 'நான் ஏட்வெனுக்குச் சொந்தம், அவள் ஆண்டவருக்குச் சொந்தமாகட்டும். அவளிடமிருந்து என்னைப் பறிப்பவனை ஆண்டவர் சபிக்கட்டும், அவளே மனமுவந்து கொடுத்தால் ஒழிய.'

அந்தக் கடைசி வார்த்தைகள்லதான் எனக்கு மனசு நின்னுபோச்சு. கொடுக்கறதும் கொடுக்காததும் என் இஷ்டம்னு ஒரு பொம்பளை ஆயிரம் வருஷம் முன்னாடி வெள்ளியில வெட்டி வச்சிருக்கா. இது வெறும் வீறாப்பு இல்லைங்க, ஆங்கிலோ சாக்சன் காலத்துல, அதாவது 1066க்கு முந்தின இங்கிலாந்துல, பெண்களுக்குச் சொத்து இருந்தது, உயிலும் எழுதினாங்க. பத்தாம் நூற்றாண்டுல வின்ஃப்ளாட்னு ஒரு அம்மா எழுதின உயில்லயே மகளுக்குன்னு ஒரு வளையலும் மேலங்கியில குத்தற ப்ரூச்சும் வருது.

நம்மூர்ல புடவைக்குக் குத்தறோமே அந்த சைஸ்னு நினைச்சுடாதீங்க, இது குறுக்கே சுமார் 15 சென்டிமீட்டர், ஒரு சின்னத் தட்டு மாதிரி. முன்பக்கம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறின நாலு வட்டம், உள்ள பாம்பு மாதிரியும் நாலுகால் மிருகம் மாதிரியும் உருவங்கள், நடுநடுவுல குமிழ் ஆணிகள். கோடு பல இடத்துல தடுமாறுது, பெரிய ஆசாரி கை இல்லைன்னுதான் எனக்குப் படுது, ஆனா எழுத்து ஓரத்தை ஒட்டி வட்டமா ஓடுது, அதுவும் 'அவெரியே', 'ஏட்ஃபெரியே'ன்னு எதுகையோட, வாய்விட்டுச் சொல்லிப் பாத்தா மந்திரம் மாதிரியே இருக்கும்.

அது பின்பக்கம்ங்கறதை நல்லா யோசிங்க. மாட்டியிருக்கும்போது எழுத்து அவ நெஞ்சை ஒட்டி இருக்கும், எதிர்ல நிக்கறவன் கண்ணுல படாது. கழட்டித் திருப்பினாதான் தெரியும், அதாவது திருடினவன் திருடி முடிச்ச அப்புறம்தான் அதைப் படிப்பான்.

உங்க கேள்விக்கு வர்றேன். ப்ரூச் செஞ்சது பதினோராம் நூற்றாண்டு ஆரம்பத்துல, ஆனா கூடப் புதைஞ்சிருந்த காசுகள் 1066ல இங்கிலாந்தைப் பிடிச்ச வில்லியம் மன்னரோடது, அப்படின்னா மண்ணுக்குள்ள போனது 1066க்கு அப்புறம்தான். 1071ல வில்லியம் படை ஈலியைச் சுத்தி வளைச்ச மாதிரி ஒரு கலவர நேரத்துல யாரோ அவசரமா புதைச்சிருக்கணும்னுதான் நான் நினைக்கறேன். இடையில பல வருஷம் ஓடிருச்சு, அதுக்குள்ள ஏட்வெனே மகளுக்கோ மருமகளுக்கோ தன் கையாலயே எடுத்துக் கொடுத்திருக்கலாமே, கொடுத்திருந்தா சாபம் அங்கேயே தீர்ந்துச்சு. உழுதவன் அவகிட்டேர்ந்து பறிக்கல, மண்ணுலேர்ந்து எடுத்தான்.

1705ல ஜார்ஜ் ஹிக்ஸ்னு ஒரு ஆங்கிலேய அறிஞர் அதோட படத்தைப் புத்தகத்துல போட்டார், அப்புறம் பொருளே காணாம போய், ரெண்டு நூற்றாண்டுக்கும் மேல கழிச்சு டப்ளின்ல தலைகாட்டி, 1951ல பிரிட்டிஷ் மியூசியம் வாங்குச்சு. பின்பக்கம் ஆணியடிச்ச ஒரு வெள்ளிப் பட்டையும் இருக்கு, அதுல ரூன்ங்கற பழைய வட ஐரோப்பிய எழுத்து மாதிரி சில கீறல்கள். அதை மட்டும் இன்னிக்கு வரைக்கும் யாராலயும் படிக்க முடியல.