செல் சவ்வு, ஏடிபி, பம்பு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கே (உட்லண்ட்ஸில் ஒரு அம்மா): மகள் உயர்நிலை 3. செயல்மிகு கடத்தல் என்றால் "செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு, ஆற்றல் செலவழித்து" என்று ஒப்பிக்கிறாள். செல் எதற்கு அப்படி மெனக்கெட வேண்டும் என்று கேட்டால் முழிக்கிறாள், நானும்தான்.

ப: எண்களைக் காட்டுங்கள், புரிந்துவிடும். செல்லுக்கு வெளியே லிட்டருக்கு ஏறக்குறைய 140 மில்லிமோல் சோடியம், உள்ளே 12 போலத்தான். பொட்டாசியம் நேர்மாறு: உள்ளே 140, வெளியே 4. சவ்வில் கசிவு எப்போதும் உண்டு, அதனால் சும்மா விட்டால் சோடியம் உள்ளே சேரச் சேரத் தண்ணீரும் கூடவே நுழைந்து செல் வீங்கிவிடும், நரம்பில் சமிக்ஞையும் ஓடாது. இதைத் தடுக்கத்தான் சவ்வில் ஒரு புரதம் ஓயாமல் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது, சுற்றுக்கு ஒரு ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவு. பம்பு என்பது இந்தப் புரதத்தைத்தான். ஏடிபியின் பாஸ்பேட் வந்து ஒட்டியதும் புரதத்தின் வடிவமே மாறி, உள்பக்கம் திறந்திருந்த வாய் வெளிப்பக்கம் திறக்கிறது. ஆற்றல் போவது அந்த வடிவ மாற்றத்துக்குத்தான். அதைச் சொல்லாமல் வரையறையை மட்டும் பிள்ளைகளை மனப்பாடம் பண்ண வைப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

கே (தொடக்கக் கல்லூரி மாணவர்): அக்கா, இந்தப் பம்பை யார் கண்டுபிடித்தது?

ப: டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் ஸ்கௌ என்ற விஞ்ஞானி. நண்டுக் கால் நரம்பை அரைத்தெடுத்த சவ்வுத் துணுக்குகளில், ஏடிபியை உடைக்கும் நொதி ஒன்று சோடியம், பொட்டாசியம் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் வேகமெடுக்கிறது என்று 1957இல் எழுதினார். நோபெல் பரிசு 1997இல் வந்தது.

கே (தேசிய சேவையில் இருக்கும் தம்பி): வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைப் பொடி) கொடுத்தார்கள். உப்பு சரி, சர்க்கரை எதற்கு? தெம்புக்கா?

ப: இல்லை தம்பி, தெம்புக்கு இல்லை. சிறுகுடல் செல்லில் குளுக்கோஸை உள்ளே எடுக்கும் புரதம் சோடியத்தோடு சேர்த்துத்தான் எடுக்கும், ஒரு குளுக்கோஸுக்கு 2 சோடியம். இந்தப் புரதம் ஏடிபியைத் தொடுவதே இல்லை. வீவக அடுக்குமாடி புளோக்கில் மோட்டார் தண்ணீரை மேல்மாடித் தொட்டிக்கு ஏற்றிவிட்டால் அப்புறம் குழாய் திறக்க மின்சாரம் வேண்டாம் அல்லவா, அந்த மாதிரி, செல்லின் மறுபக்கத்துப் பம்பு ஏடிபி செலவழித்து சோடியத்தை வெளியேற்றி வைத்திருப்பதால் குடல் பக்கத்துச் சோடியம் தானாக உள்ளே இறங்குகிறது, குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு. இரண்டும் போன பின்னால் தண்ணீர் போகிறது. காலராவில்கூட இந்த வழி அடைபடுவதில்லை, அதனால்தான் இவ்வளவு மலிவான பொடி இத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2002 கலவையில் லிட்டருக்கு சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல். சர்க்கரையை இஷ்டத்துக்குக் கூட்டினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை மோசமாக்கும், எனவே பாக்கெட்டில் போட்ட அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள், கேன் பானத்தை அதற்குப் பதிலாக நினைக்க வேண்டாம்.

கே (செங்காங்): தண்ணீருக்கென்று தனிப் பம்பு உண்டா? கழிவுநீரைச் சுத்திகரிக்கும் புதுநீர் ஆலையில் சவ்வு வழியாகத் தண்ணீரையே அழுத்தித் தள்ளுகிறார்களே.

ப: செல்லில் அப்படி ஒன்றும் இல்லை. செல் உப்பை நகர்த்தும், தண்ணீர் சவ்வூடு பரவலில், அதாவது உப்பு கூடிய பக்கத்துக்குத் தானாகவே, பின்னால் வரும். சுங்கை பூலோ சதுப்புநிலக் காட்டுக்குப் போனால் உப்புநீரில் வளரும் அவிசீனியா மர இலையைத் திருப்பிப் பாருங்கள், உப்புத் துகள் தெரியலாம், இலைச் சுரப்பிகள் ஆற்றல் செலவழித்து வெளியேற்றியது அது. ஒன்று கவனியுங்கள், செடிகளுக்கு நம் சோடியம் பொட்டாசியம் பம்பு கிடையாது, அவை ஹைட்ரஜன் அயனியைத் தள்ளி அந்த வித்தியாசத்தில் மற்ற வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

கே (ஈசூன் பெரியவர்): வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்தை ஏன் சாப்பாட்டுக்கு முன் போடச் சொல்கிறார்கள்?

ப: ஐயா, வயிற்றில் அமிலம் சுரப்பதும் ஏடிபி பம்புதான். சாப்பிடும்போது பம்புகள் வேலையில் இறங்கும், இந்த மருந்து வேலை செய்கிற பம்பில்தான் ஒட்டும், அதற்குள் மருந்து ரத்தத்தில் வந்திருக்க வேண்டும். அளவை மாற்றுவதெல்லாம் மருத்துவரிடம் கேட்டு மட்டும்.

கே (உயர்நிலை 4): கடத்துப் புரதம் என்று வந்தாலே செயல்மிகு கடத்தல்தானே?

ப: கிடையாது! சிவப்பணுவுக்குள் குளுக்கோஸ் புரதம் வழியாகத்தான் போகிறது, ஆனால் செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு, ஆற்றலே செலவில்லை. தேர்வில் வேர்த்தூவிச் செல்லுக்குச் சயனைடு கொடுத்ததாக வந்தால் அயனி உள்ளே போவது குறைகிறதா என்று பாருங்கள். சயனைடு சுவாசத்தை நிறுத்தி ஏடிபியை வற்றவைக்கும், குறைந்தால் அது செயல்மிகு கடத்தல்.