சிங்கோலோவா, வேறு குருவியா? படங்களோடு வந்த கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சிலே (சிலி) நாட்டின் சாந்தியாகோ நகரப் பூங்காவில் எடுத்த படம் இது. சிட்டுக்குருவி என்கிறார் நண்பர். சரியா அண்ணா?

இல்லை, இது சிங்கோலோ என்ற தென் அமெரிக்கக் குருவி. சிலேக்காரர்கள் சின்கோல் என்பார்கள். முதலில் பிடரியைப் பாருங்கள். செங்கல் நிறப் பட்டை ஒன்று கழுத்தின் இருபுறமும் இறங்கி, மார்போரத்துக் கறுப்புத் திட்டில் முடிகிறது. தொண்டை வெள்ளை. ஆண் சிட்டுக்குருவிக்குத் தொண்டையே கறுப்பு. சாம்பல் தலையில் கறுப்புக் கோடுகளும் லேசான கொண்டையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: ஆணா, பெண்ணா?

பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கேள்வி: அர்ஜென்டினாவின் பாம்பாஸ் புல்வெளியில் பார்த்தேன். மார்பெல்லாம் கோடு, பிடரியில் பட்டையே இல்லை. புல்வெளிக் குருவிதானே?

பலரும் தடுமாறும் இடம் இது. சிங்கோலோவின் இளம் பறவைக்கு மார்பில் கோடுகள் இருக்கும், செம்பட்டை தெளிவாக இருக்காது. புல்வெளிக் குருவிக்கு மார்பில் அவ்வளவு கோடு கிடையாது. கண்ணுக்கு முன்னால் மஞ்சள் தீற்றல் இருக்கும். உங்கள் படத்தில் அந்த மஞ்சள் இல்லை. அதனால் இளம் சிங்கோலோ என்றே சொல்வேன். இறக்கை ஓரமும் வாலும் மஞ்சளாக இருந்திருந்தால் இளம் குங்குமப்பூக் குருவியோ என்று யோசித்திருப்பேன்.

சற்று நேரம் காத்திருந்தால் தாய்ப்பறவை இரை ஊட்ட வரும். ஆனால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். மாட்டுப்பறவை என்ற வேறொரு பறவை தன் முட்டையைச் சிங்கோலோ கூட்டில் இட்டுவிடும். ஊட்டும் பறவையைவிடக் குஞ்சு பெரிதாக இருந்தால், அது மாட்டுப்பறவைக் குஞ்சுதான். அந்தச் சின்னக் குருவி ஓடி ஓடி ஊட்டுவதைப் பார்க்கும்போது மனசு கனத்துவிடும்.

கேள்வி: தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியான படகோனியாவில் பார்த்ததற்குத் தலையில் கறுப்புக் கோடே இல்லை. வேறு இனமா?

இனம் ஒன்றே, தெற்கத்தி வகை. தலை வெறும் சாம்பலாக இருக்கும். பிடரிப் பட்டை மட்டும் மாறாது. அதனால்தான் முதலில் அங்கே பார்க்கச் சொல்கிறேன். குளிர்காலத்தில் இவை வடக்கே போய்விடும். அப்போது ஒரே கூட்டத்தில் இரண்டு வகையும் கலந்திருக்கலாம்.

கேள்வி: குரலை வைத்துச் சொல்லலாமா?

தாராளமாக. சில சீழ்க்கைகள், அப்புறம் பெரும்பாலும் ஒரு அதிர்வொலி. "என் மாமா அகுஸ்தினைப் பார்த்தாயா?" என்று அது கேட்பதாகச் சிலேயில் சொல்வார்கள். ஆனால் ஊருக்கு ஊர் பாட்டு மாறும். பறவைப் பாட்டு ஆராய்ச்சியாளர் பெர்னாண்டோ நொட்டெபோம் அர்ஜென்டினாவில் ஆராய்ந்து 1969-இல் எழுதினார்: திறந்த புல்வெளியில் அதிர்வு வேகமாகவும், மரங்கள் அடர்ந்த இடத்தில் மெதுவாகவும் இருக்கிறது. ஆகவே தொலைவில், கொலம்பியாவின் பொகோட்டாவில் பதிவான பாட்டோடு பொருந்தவில்லை என்று உங்கள் பறவையை ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் பதிவான ஒலியோடு ஒப்பிடுங்கள்.